மானுக்கு மக்காச்சோளம் போடலாமா?

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் தண்டுதுளைப்பான், மஞ்சள் தேமல் எல்லாம் வழக்கம்போல இருந்தன. அவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். நாலு பேர் மானைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள், அதில் மூன்று கடிதத்தில் மக்காச்சோளமும் சேர்ந்தே வருகிறது. அதனால் இந்த முறை அவை மட்டும்.

கேள்வி (திருத்துறைப்பூண்டி வாசகர்): என் மகன் அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் இருக்கிறான். காட்டை ஒட்டி ரெண்டு ஏக்கர் நிலத்தோடு வீடு வாங்கியிருக்கிறான். அதில் கால் ஏக்கரில் மானுக்கென்றே மக்காச்சோளம் போடப்போகிறானாம், அங்கே பலரும் செய்கிறார்களாம். பயிரை மானிடமிருந்து காப்பாற்றத்தானே பாடுபடுவோம், மானுக்கென்று விதைப்பதைக் கேள்விப்பட்டதே இல்லை. ஏப்ரல் கடைசியில் நானும் போகிறேன். எனக்கு நெல்லும் உளுந்தும்தான் தெரியும். எப்படிப் போடுவது?

பதில்: ஐயா, அங்கே குளிர்காலம் டிசம்பரிலிருந்து மார்ச் வரை இழுக்கும். புல்லும் தழையும் பனிக்குள் புதைந்துவிடும். அப்போது பனிக்கு மேலே இடுப்பளவு உயரத்தில் கதிரோடு நிற்கிற பயிர் மக்காச்சோளம், அதனால்தான் அதைப் போடுகிறார்கள். வேட்டைக்காரர்கள் மான் வந்து நிற்கட்டும் என்று போடுவார்கள், உங்கள் மகனைப் போன்றவர்கள் சன்னல் வழியாகப் பார்க்கலாமே என்று போடுவார்கள். அங்கே உள்ளது வெள்ளைவால் மான், நம்ம கோடியக்கரை மான் இல்லை. எண்ணிக்கையும் அதிகம், வேட்டையும் உரிமத்தோடு நடக்கிறது. அந்த ஊர்க் கணக்கே வேறு.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், மகனுக்குக் கசந்தாலும் பரவாயில்லை. கால் ஏக்கர் என்பது நம்ம அளவில் 75 குழி, நூறு குழி கொண்ட ஒரு மா கூட இல்லை. மான் நடமாட்டம் அதிகமுள்ள இடத்தில் அவ்வளவு சின்னத் துண்டை வெறுமனே விதைத்து விட்டால் குளிர்காலம் வருவதற்குள் தட்டைகூட மிஞ்சாது. முளைத்து நாலு இலை விட்டதும் கடிக்கும், அது பெரிய நஷ்டம் இல்லை, ஏனென்றால் ஐந்தாறு இலை விரியும் வரை மக்காச்சோளத்தின் வளரும் முனை மண்ணுக்குள்ளேதான் இருக்கும், கடித்தாலும் மறுபடி தழைக்கும். கதிர் நுனியிலிருந்து பட்டு நூல் வெளியே வரும் சமயத்தில் வந்தால்தான் கதை முடிந்தது. அந்த இளநூலை மான் ஆசையாகத் தின்னும். ஒவ்வொரு நூலும் ஒரு மணிக்கு உரியது, மகரந்தம் ஏறுவதற்கு முன்னால் நூல் போனால் அந்த மணி இல்லை. கதிர் வெளியே பார்க்க நன்றாக இருக்கும், மட்டையை உரித்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாக நாலு மணி ஒட்டிக்கொண்டிருக்கும்.

அதனால் விதைப்பதற்கு முன்னாலேயே வேலியை யோசிக்கச் சொல்லுங்கள். அங்கே தோட்டக்காரர்கள் போடுகிற ஒரு வேலி உண்டு, செலவும் குறைவு. பேட்டரியிலோ சூரிய சக்தியிலோ ஓடும் கருவியிலிருந்து விட்டு விட்டு அடிக்கும் மின்சாரம், உயிருக்கு ஆபத்தில்லாத அளவு. வெளி வரிசையில் ஒன்றரை அடி உயரத்தில் ஒரே ஒரு இழை. அதிலிருந்து மூன்றடி உள்ளே தள்ளி இரண்டாவது வரிசை, அதில் பத்து அங்குலத்தில் ஒன்று, இரண்டடியில் ஒன்று. மானால் இந்த உயரத்தைப் படுத்துக்கொண்டே தாண்டிவிட முடியும், ஆனால் அதற்கு ஆழம் கணிக்கும் பார்வை சுமார்தான், இரண்டு வரிசை முன்னும் பின்னுமாக நின்றால் எங்கே குதித்து எங்கே இறங்குவது என்று தெரியாமல் நின்றுவிடும். இழையில் அங்கங்கே அலுமினியத் தாளை மடித்துத் தொங்கவிட்டு அதில் வேர்க்கடலை வெண்ணெய் தடவுவார்கள். மான் வந்து மூக்கை வைக்கும், சுரீர் என்று ஒரு அடி வாங்கும், அப்புறம் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காது. கடலைக்காக மூக்குடைபடுவது மானுக்கும் உண்டு.

மணி முற்றி, மட்டை காய்ந்து, மணியைப் பெயர்த்துப் பார்த்தால் அடியில் கறுப்புப் புள்ளி தெரிகிற வரைக்கும் வேலி இருக்கட்டும். அக்டோபர் கடைசி, நவம்பர் வாக்கில் கழற்றிவிட்டால் போதும். குளிர்காலத்துக்கு அப்போதுதான் ஏதாவது மிஞ்சும்.

சரி, பயிர் முறைக்கு வருவோம். மண் வெப்பம் 10 டிகிரி செல்சியஸுக்கு மேல் வராமல் விதைக்கக் கூடாது, குளிர்ந்த மண்ணில் விதை ஊறி அழுகும். அங்கே அது மே மாதம், நீங்கள் போய் இறங்கிச் சில நாளில் வேலை இருக்கும். மண்ணைச் சோதித்துவிட்டு, கார அமிலத்தன்மை (pH) 6க்குக் கீழே இருந்தால் சுண்ணாம்பு போடவேண்டும், அதை முந்தைய இலையுதிர்காலத்திலேயே போட்டிருந்தால் நல்லது. வரிசைக்கு வரிசை இரண்டரை அடி, செடிக்குச் செடி எட்டு அங்குலம், ஆழம் ஒன்றரையிலிருந்து இரண்டு அங்குலம். இந்தக் கணக்கில் கால் ஏக்கருக்கு ஆறாயிரத்து ஐநூறு செடி வரும், இரண்டு கிலோ விதைக்குக் கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

நீளமாக இரண்டு வரிசை, வேலியோரம் ஒரு வரிசை என்று அழகுக்கு விதைக்க வேண்டாம், சின்னத் துண்டில் எல்லோரும் கோட்டை விடுவது இங்கேதான். மக்காச்சோளத்துக்கு ஆண் பூ உச்சியில், பெண் பூ இடுப்பில், நடுவில் காற்றுதான் தூது. மகரந்தம் கனமானது, பெரும்பகுதி சில மீட்டருக்குள் கீழே விழுந்துவிடும். குறைந்தது நாலு வரிசை, முடிந்தால் சதுரமாக எட்டுப் பத்து வரிசை இருக்கிற மாதிரி போட்டால்தான் கதிர் நிறையும்.

தழைச்சத்தை இது சாப்பிடுகிற வேகத்தை நெல்லோடு ஒப்பிட முடியாது. கால் ஏக்கருக்கு மொத்தம் 30 கிலோ யூரியா அளவுக்கு, அதாவது நம்ம 45 கிலோ மூட்டையில் மூன்றில் இரண்டு பங்கு, அதில் பாதியை விதைக்கும்போதும் மீதியை முழங்கால் உயரம் வந்ததும் கொடுக்கலாம். மணிச்சத்தும் சாம்பல்சத்தும் மண் பரிசோதனை சொல்கிறபடி. முதல் ஐந்தாறு வாரம் களை இருக்கவே கூடாது. மகன் களைக்கொல்லி அடிக்கலாம் என்பார், 75 குழிக்கு நீங்களும் ஒரு களைக்கொட்டும் இருந்தால் போதும். கொட்டு எடுத்துப் போவதாக இருந்தால் மண் ஒட்டாமல் தேய்த்துக் கழுவிப் பெட்டியில் வையுங்கள், மண்ணை உள்ளே விடமாட்டார்கள்.

விதை மட்டும் இங்கிருந்து கொண்டுபோகாதீர்கள். விமான நிலையத்திலேயே பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். அப்படியே தப்பிப் போனாலும் பயன் இல்லை, வெப்பநாட்டு ரகங்கள் அந்த ஊர்க் கோடையின் நீண்ட பகலில் ஆளை மறைக்கிற உயரம் வளர்ந்துகொண்டே போகும், பூக்க மனசு வராது, அதற்குள் உறைபனி வந்து முடித்துவிடும். அங்கேயே 85லிருந்து 100 நாள் வயது என்று போட்டு விற்கிற விதையை வாங்கச் சொல்லுங்கள்.

சட்டத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். விஸ்கான்சினில் மான்களுக்கு வருகிற ஒரு நோய் 2002இல் கண்டுபிடிக்கப்பட்டது, மூளை அழிந்து உடம்பு உருகி மான் செத்துப்போகும், மருந்தும் கிடையாது. மான்கள் ஒரே இடத்தில் கூடி மூஞ்சி வைத்துத் தின்றால் பரவும் என்பதால், அந்த நோய் தென்பட்ட மாவட்டங்களிலும் பக்கத்து மாவட்டங்களிலும் மானுக்குத் தீனி கொட்டத் தடை உண்டு. வழக்கமான விவசாய முறையில் விதைத்து நிற்கிற பயிருக்குத் தடை இல்லை. மூட்டை வாங்கிக் கொட்டினால் அது குற்றம். ‘பயிர் சரியா வரலப்பா, கடையில ரெண்டு மூட்டை வாங்கிக் கொட்டிடுறேன்’ என்று ஜனவரியில் மகன் ஆரம்பித்தால் நீங்கள் தடுக்க வேண்டும், சட்டத்துக்காக மட்டும் இல்லை. மான் அசைபோடும் பிராணி. குளிர்காலத்தில் குச்சியும் மொட்டும் தின்றே அதன் வயிற்று நுண்ணுயிர்கள் பழகியிருக்கும், திடீரென்று வயிறு முட்ட மாவுச்சத்து விழுந்தால் அமிலம் ஏறி ஒன்றிரண்டு நாளில் செத்துவிடும். அரிசிக் கஞ்சிப் பானையில் வாயை விட்ட மாட்டுக்கு என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வயிறு புதுத் தீனிக்குப் பழக இரண்டு மூன்று வாரம் ஆகும். இலையுதிர்காலத்திலிருந்தே நிற்கிற பயிரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றால் அந்தப் பிரச்சினை வருவது அரிது.

இவ்வளவு சொன்ன பிறகும் என் அபிப்பிராயத்தைக் கேட்டால், கால் ஏக்கருக்கு மக்காச்சோளம் சரியான பயிர் இல்லை. அதில் புரதம் 8, 9 சதவீதம்தான், மீதி பெரும்பாலும் மாவு. குளிருக்குச் சூடு தரும், குட்டி வளர்வதற்கும் கொம்பு வளர்வதற்கும் போதாது. க்ளோவர் என்று ஒரு தீவனச்செடி உண்டு, நம்ம குதிரைமசாலுக்குப் பங்காளி, அதையும் ஓட்ஸையும் கலந்து விதைத்தால் கடிக்கக் கடிக்கத் தழைக்கும், வேலியும் அவ்வளவு கறாராக வேண்டாம். பனிக்கு மேலே கதிர் நிற்க வேண்டும் என்று மகன் பிடிவாதமாக இருந்தால் பாதியில் அது, பாதியில் இது.

கேள்வி (வேதாரண்யம் வட்டம், வாசகி): எங்கள் கொல்லை கோடியக்காட்டுப் பக்கம். கடலை போட்டிருக்கிறோம். சித்திரை வெயிலில் புள்ளிமான்கள் வேலியோரம் வந்து நிற்பதைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது. பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள், பத்துக் குழியில் மக்காச்சோளம் போட்டு மானுக்கென்று விட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம் அம்மா.

மேலே அமெரிக்கக் கடிதத்துக்கு அவ்வளவு நீளமாகப் பதில் எழுதிவிட்டு உங்களுக்கு மட்டும் வேண்டாம் என்றால் கோபம் வரும், காரணம் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஊரில் பனி விழுவதில்லை. கோடியக்கரை சரணாலயம் 1967இல் அறிவிக்கப்பட்டதே முக்கியமாக முறுக்குக் கொம்புள்ள வெளிமானுக்காகத்தான், அதற்கு வேண்டியது திறந்த புல்வெளி. புள்ளிமான் புல்லும் தின்னும், தழையும் உதிர்ந்த காய் கனியும் தின்னும். அங்கே இரண்டுக்கும் இன்று பெரிய கஷ்டம் புல்தரையைச் சீமைக்கருவேலம் தின்றுகொண்டிருப்பது. காட்டில் சுற்றும் குதிரைகள் அதன் காயைத் தின்று விதையை ஊரெல்லாம் பரப்புகின்றன, இருக்கிற புல்லுக்கும் போட்டி போடுகின்றன. பத்துக் குழிச் சோளம் இதில் எதையும் சரிசெய்யாது.

ஆனால் கெடுக்கும். சோளம் பால் பிடிக்கும் வாசனைக்கு முதலில் வருவது மான் இல்லை, காட்டுப்பன்றி. அது சோளத்தோடு நிற்காது, மண்ணைக் கிளறி உங்கள் கடலைக்குப் போகும், அப்புறம் பக்கத்துக் கொல்லைக்குப் போகும். பக்கத்துக் கொல்லைக்காரர் உங்களைப் போல ஆசையாகப் பார்த்துக்கொண்டு நிற்பார் என்று நினைக்காதீர்கள். கோபத்தில் மின்கம்பத்திலிருந்து நேராக கம்பி இழுத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், அதில் பன்றி சாகும், மான் சாகும், விடியற்காலையில் தண்ணீர் பாய்ச்சப் போகிற மனுஷனும் செத்திருக்கிறான். மானைக் காட்டிலிருந்து வெளியே பழக்கினால் ரோட்டுக்கும் தெருநாய்க்கும் நாமே கொடுத்த மாதிரி. நாய் விரட்டும் மான் கடிபட்டுத்தான் சாகவேண்டும் என்றுகூட இல்லை, ஓடின ஓட்டத்திலும் பயத்திலுமே விழுந்துவிடும்.

சட்டமும் கொஞ்சம் கேளுங்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்பதற்குச் சுடுவது, கண்ணி வைப்பது மட்டும் அர்த்தமில்லை, இரை காட்டி இழுப்பதும் அதில் அடக்கம். வெளிமான் அந்தச் சட்டத்தில் கடும் பாதுகாப்புள்ள முதல் அட்டவணையில் இருக்கிறது, அதன் விஷயத்தில் குற்றம் நிரூபணமானால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. உங்கள் மனசில் கள்ளம் இல்லை என்று எனக்குத் தெரியும், ஆனால் நீங்கள் வரவழைத்த மானை வேறொருவன் கண்ணி வைத்துப் பிடித்தால் விசாரணை உங்கள் கொல்லையிலிருந்துதான் தொடங்கும்.

செய்ய வேண்டியது இருக்கிறது. கோடையில் வனத்துறை காட்டுக்குள்ளேயே தொட்டிகளில் தண்ணீர் ஊற்றுகிறது. எந்தத் தொட்டி வறண்டு கிடக்கிறது என்று சொல்ல ஆள் இருந்தால் அவர்களுக்கும் உதவி, பிள்ளைகளை அந்த வேலையில் விடுங்கள். வீட்டு நாயை ராத்திரியில் கட்டிப் போடுங்கள். கொல்லையில் கிழிந்த நெகிழி வலை, பழைய மீன்வலை என்று வேலிக்குக் கட்டியிருந்தால் அவிழ்த்துவிடுங்கள், மான் கொம்பு சிக்கினால் விடியும்வரை இழுத்து இழுத்தே மூச்சு போய்விடும். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு செத்து ஒதுங்கிய மான்களையும் குதிரைகளையும் உங்கள் பக்கத்துக்காரர்கள் கண்ணால் பார்த்தவர்கள், பாவம் பார்க்கிற மனசு உங்கள் ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பாவத்தை வேலிக்கு உள்ளே கூப்பிட்டுக் காட்டவேண்டாம். மான் அந்தப் பக்கம், கடலை இந்தப் பக்கம்.

கேள்வி (நாகப்பட்டினம், கல்லூரி மாணவர்): புள்ளிமான் கொம்பை உதிர்க்கும் என்கிறார்கள், வெளிமான் உதிர்க்காதாமே, உண்மையா? காட்டோரம் கிடந்த கொம்பை எடுத்து வைத்துக்கொள்ளலாமா?

பதில்: உண்மைதான் தம்பி. புள்ளிமான் கொம்பு முழுக்க எலும்பு, கிளை விடும், ஆணுக்கு மட்டும் உண்டு, விழுந்து மறுபடி முளைக்கும். வளரும் காலத்தில் அதன்மேல் மென்மையான தோல் போர்த்தியிருக்கும், முற்றியதும் அதை மரத்தில் உரசி உரித்துவிடும். வெளிமான் உண்மையில் மான் குடும்பமே இல்லை, ஆடு மாட்டுக் குடும்பம், அதன் முறுக்குக் கொம்பு எலும்பின் மேல் கொம்புறை ஏறியது, ஆயுள் முழுக்க அதே கொம்புதான். கிடந்த கொம்பாக இருந்தாலும் வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது, அது அரசுச் சொத்து. வனச்சரக அலுவலகத்தில் ஒப்படைத்துவிடுங்கள், இல்லையென்றால் தொடாமல் வந்துவிடுங்கள்.

கேள்வி (ஒரத்தநாடு வாசகர்): சம்பா அறுத்த பிறகு போர்வெல் தண்ணீரில் ஒரு மா மக்காச்சோளம் போட்டேன். முளைப்பில் பாதி காணோம், இப்போது கதிரும் நாசமாகிறது. மச்சான் மான் என்கிறார், சம்பந்தி பன்றி என்கிறார். எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: காலையில் வெயில் ஏறுவதற்குள் போய்ச் செடியைப் பாருங்கள், தின்றவன் பல்லை விட்டுவிட்டுத்தான் போயிருப்பான். மானுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது, கடித்து இழுத்துப் பிய்க்கும், அதனால் வெட்டு நார்நாராகப் பிய்ந்திருக்கும், கதிரின் நுனிப்பகுதிதான் போயிருக்கும். முயல் என்றால் கத்தியால் சாய்த்து வெட்டின மாதிரி சுத்தமாக இருக்கும், அதுவும் இளஞ்செடியில், தரையோரத்தில். பன்றி ஒன்றும் யோசிக்காது, தட்டையோடு சாய்த்துப் போட்டுத்தான் தின்னும், நடுவயலில் வட்டமாகப் பயிர் படுத்திருக்கும், ஈர மண்ணில் குளம்படியும் உழுத தடமும் தெரியும். மட்டை மேலிருந்து கிழிந்து, மணி பாதி பாதியாகக் கொத்தப்பட்டு, கீழே துகள் சிதறிக் கிடந்தால் கிளி. அடியில் தரையோடு ஒட்டின கதிரை மட்டும் கொறித்திருந்தால் எலி, வரப்பில் வளையைத் தேடுங்கள்.

முளைப்பில் பாதி காணோம் என்கிறீர்கள், விதைத்த குழியையே கிளறி எடுத்திருந்தால் என் சந்தேகம் மயில் மேல். அதுவும் வனவிலங்குச் சட்டத்தின் அட்டவணையில் உள்ள பறவை, கல் எறியக்கூட உரிமை இல்லை. விதைத்துப் பத்து நாள் காலையும் மாலையும் ஆள் நடமாட்டம் இருந்தால் போதும், முளை ஒரு சாண் ஏறிவிட்டால் அப்புறம் அதற்கு விதை கிடைக்காது.

குருத்துக்குள்ளேயும் ஒரு பார்வை பாருங்கள். இலையில் வரிசையாக ஓட்டை, குருத்தில் மரத்தூள் மாதிரி எச்சம் இருந்தால் 2018இலிருந்து நம்மைப் படுத்தும் படைப்புழு. அது கதிருக்குள்ளும் போகும், பாதி நாசம் அதனுடையதாகவே இருக்கலாம். இப்போது கதிர் முற்றிவிட்டதென்றால் மருந்து அடித்துப் பயனில்லை. அடுத்த பட்டத்தில் விதை நேர்த்தி செய்த விதை வாங்குங்கள், வரிசைக்கு வரிசை இரண்டு அடி, செடிக்குச் செடி முக்கால் அடிக்குச் சற்றுக் கூடுதலாக இடைவெளி விடுங்கள், ஒரே நாளில் விதையுங்கள், முளைத்த இரண்டாம் வாரத்திலிருந்து வாரம் ஒருமுறை குருத்தைப் பிரித்துப் பார்த்து முட்டைக் குவியலைக் கையாலேயே நசுக்குங்கள். உங்கள் மண் களிமண் என்றால் பார் பிடித்து விதைப்பது முக்கியம், மக்காச்சோளம் தண்ணீரில் நிற்காது. பூக்கும் சமயத்தில் மட்டும் தண்ணீரை விட்டுவிடாதீர்கள், அந்த இரண்டு வாரம் காய்ந்தால் நூல் தாமதமாக வரும், மகரந்தம் அதற்குள் கொட்டித் தீர்ந்திருக்கும்.

வன விலங்கு என்று தெரிந்தால் செடியோடு படம் எடுத்து வைத்துக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரிடமும் வனத்துறையிடமும் எழுதிக் கொடுங்கள். இழப்பீடு கேட்க வேண்டுமானால் வயலை அவர்கள் வந்து பார்க்கும்வரை சாய்ந்த தட்டையை அறுக்காமல் விட்டுவையுங்கள்.